உப்புவெளி வைஃபையும் அம்மாவின் வாட்ஸ்அப்பும்: ஓட்டை எங்கே?

1 · உப்புவெளிக்காரன்
திங்கள், இரவு 10.20

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஆறு அறை உள்ள ஒரு கெஸ்ட்ஹவுஸை நானும் அம்மாவும் நடத்துகிறோம். சித்திரையில் தொடங்கி புரட்டாதி மட்டும் சீசன், அந்த நாட்களில் தலை நிமிர நேரமிருக்காது. போன கிழமை இரண்டு தலையிடி ஒன்றாக வந்து சேர்ந்தது.

முதலாவது: மூன்றாம் நம்பர் அறையில் தங்கிய வெளிநாட்டுப் பொடியன், மென்பொருள் வேலையாம். காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர், "உங்கள் ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் திறந்து கிடக்கிறது, குறியாக்கமும் பழைய டிகேஐபியில் நிற்கிறது" என்று சொல்லிவிட்டு இடியப்பத்தில் கை வைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரவுட்டர் லைன் எடுத்தபோது தந்தது. பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதி முன்மேசையில் வைத்திருக்கிறோம். நாலு வருசமாக அதே அட்டைதான்.

இரண்டாவது: அடுத்த நாள் அம்மாவின் வாட்ஸ்அப் பறிபோய்விட்டது. வங்கியிலிருந்து கதைக்கிறோம், கணக்கைப் புதுப்பிக்க வேண்டும் என்று யாரோ எடுத்து அடையாள அட்டை நம்பர் கேட்டிருக்கிறார்கள். அம்மா சொல்லியிருக்கிறார். "இப்போது ஆறு இலக்கம் ஒன்று வரும், வாசியுங்கள் அம்மா" என்றார்களாம். அதையும் வாசித்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் கனடாவில் இருக்கிற சித்திக்கு அம்மா எழுதுகிற மாதிரி "அவசரம், ஆஸ்பத்திரிச் செலவு" என்று மெசேஜ் போயிருக்கிறது. நல்ல காலம், சித்தி காசு அனுப்பாமல் என்னை எடுத்துக் கேட்டார்.

என் கேள்வி இதுதான். வைஃபைக்குள்ளால் வந்துதான் அம்மாவின் போனைப் பிடித்தார்களா? எதை முதலில் பூட்டுவது?

2 · ரவுட்டர் வைத்தியர் (பாலையூற்று)
திங்கள், இரவு 10.55

தம்பி, இரண்டும் வேறு வேறு வருத்தம். ஒரே கிழமையில் வந்ததால் ஒன்று மாதிரித் தெரிகிறது.

வாட்ஸ்அப்பை முதலில் பாருங்கள். அம்மாவின் போனில் அதை மறுபடி திறந்து அதே நம்பரைக் கொடுங்கள். புது ஆறு இலக்கம் எஸ்எம்எஸ்ஸில் அம்மாவின் சிம்முக்குத்தான் வரும், கள்ளனுக்கு வராது. அதைப் போட்ட கையோடு அவன் வெளியே. உள்ளே இருந்த நேரத்தில் அவன் தன் பங்குக்கு ஒரு பின் நம்பர் வைத்திருந்தால் அதையும் கேட்கும். உங்களிடம் இருக்காது, பதற வேண்டாம். 7 நாள் பொறுத்தால் பின் இல்லாமலே திறக்கும். அந்த 7 நாளும் அவனும் வெளியேதான் நிற்பான். உள்ளே போனதும் இரட்டைப் படிச் சரிபார்ப்பு என்ற இடத்தில் நீங்களே ஒரு பின் வையுங்கள்.

ஒரு ஆறுதல் இருக்கிறது. 2016 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப் மெசேஜ்கள் அனுப்புகிற போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிற போனில்தான் திறக்கின்றன. திறப்பு கம்பனியின் சேர்வரில் இல்லை. அதனால் அம்மாவின் பழைய கதைகளெல்லாம் அம்மாவின் போனிலேயே கிடக்கும். காப்புப்பிரதி இருக்கிற கணக்கையும் அவன் பிடித்திருந்தால் ஒழிய, அவற்றை அவன் பார்த்திருக்க மாட்டான். பூட்டில் பிழையில்லை தம்பி. அம்மாதான் கதவைத் திறந்து "வாங்கோ" என்றிருக்கிறார்.

ரவுட்டர் கதையை நாளைக்கு எழுதுகிறேன். காற்று அடிக்கிறது, கரண்ட் போகும் போல இருக்கிறது.

3 · கடைசி வாங்கு (மட்டிக்கழி)
செவ்வாய், காலை 7.05

நாலு வருசமா? எங்கள் கடையில் ஏழு வருசமாக ஒரே பாஸ்வேர்ட். கடை கோட்டையடியில். முதலில் அட்டையில் எழுதி வெளியே கொழுவினேன், மான் வந்து தின்றுவிட்டது. இப்போது சுவரில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் ஒன்றும் களவெடுக்கவில்லை. சும்மா வெருட்டாதீர்கள்.

4 · ரவுட்டர் வைத்தியர் (பாலையூற்று)
செவ்வாய், காலை 8.30

மானிடம் பாஸ்வேர்ட் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

உப்புவெளித் தம்பிக்கு: அந்த வெளிநாட்டுப் பொடியன் சொன்னது சரி. டபிள்யூபிஎஸ் என்பது பாஸ்வேர்ட் அடிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காகச் செய்த குறுக்குவழி. ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள், பின்பக்க ஸ்டிக்கரில் எட்டு இலக்கம் இருக்கும். அதைக் கொடுத்தால் ரவுட்டர் தன் வைஃபை பாஸ்வேர்டைத் தானே ஒப்புவிக்கும். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி விதம், யாரால் அடித்துப் பார்க்க முடியும் என்றுதான் எவருக்கும் தோன்றும். 2011 டிசம்பரில் ஸ்டெபான் ஃபீபெக் என்பவர் உள்ளே பார்த்தார். ரவுட்டர் அந்த எட்டையும் ஒரேயடியாகச் சரிபார்ப்பதில்லை. முதல் நாலு இலக்கத்தைப் பார்த்து சரி, பிழை என்று ஒரு பதில் சொல்கிறது, பிறகு மிச்சத்துக்கு இன்னொரு பதில். முதல் பாதிக்கு 10,000 விதம். அடுத்த பாதியில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்தும் கணக்குப் போட்டு வருவது, ஆகவே அதற்கு 1,000 விதம்தான். கூட்டினால் 11,000. 10 கோடி எங்கே, 11,000 எங்கே! ஒரு முயற்சிக்கு 3 விநாடி என்று வைத்தாலும் 9 மணித்தியாலம் 10 நிமிடம். இரவு சாப்பிட்டு மடிக்கணினியைத் தட்டிவிட்டுப் படுக்கிறவன் விடியத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் முடித்துவிடுவான். பின்னால் வந்த ரவுட்டர்கள் பல, சில பிழை முயற்சிகளுக்குப் பிறகு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். உங்களுடையது எந்தக் காலத்துச் சாமானோ. நிற்பாட்டிவிடுங்கள், அதனால் ஒரு நட்டமும் இல்லை.

டிகேஐபி: முதன்முதலில் வந்த வைஃபைப் பூட்டு டபிள்யூஇபி. அது 2001இலேயே உடைந்துவிட்டது. ஊரிலுள்ள பெட்டியையெல்லாம் எறியவா முடியும்? பழைய பெட்டியிலேயே ஓடக்கூடிய ஒட்டுப்போட்ட பூட்டாக 2003இல் டபிள்யூபிஏ என்ற அடுத்த பூட்டு முறையோடு வந்தது டிகேஐபி. அடுத்த வருசமே டபிள்யூபிஏ2 வந்து ஏஇஎஸ் என்ற நல்ல குறியாக்கத்தைக் கொண்டுவந்துவிட்டது. ஒட்டு இன்னும் உங்கள் வீட்டில் ஓடுகிறது.

சரி, ஒன்று கேட்கிறேன். விருந்தாளிகள் வைஃபை வேகமில்லை என்று முறையிடுகிறார்களா?

5 · உப்புவெளிக்காரன்
செவ்வாய், காலை 8.41

ஒவ்வொரு நாளும். லைனில்தான் பிழை என்று நினைத்துக் கம்பனிக்காரரோடு மூன்று தரம் சண்டை பிடித்துவிட்டேன்.

6 · ரவுட்டர் வைத்தியர் (பாலையூற்று)
செவ்வாய், காலை 8.50

போய் மன்னிப்புக் கேளுங்கள். டிகேஐபியில் நிற்கிற வைஃபை, விதிப்படி விநாடிக்கு 54 மெகாபிட்டுக்கு மேல் ஓட மாட்டாது. பெட்டி 300 என்று போட்டிருந்தாலும் அவ்வளவுதான். ஏஇஎஸ்ஸுக்கு மாற்றினால் பூட்டும் இறுகும், வேகமும் கூடும்.

7 · பழைய லைன்மன் (உவர்மலை)
செவ்வாய், பின்னேரம் 4.15

நான் தொலைபேசி வேலையில் முப்பது வருசம் இருந்தவன். தம்பிமார் வைஃபையைப் பிடித்து உலுப்புகிறீர்கள், நல்லது. ஆனால் போனுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நடப்பதை ஒருவரும் கதைக்கவில்லை.

தொண்ணூறுகளில் கண்டி வீதியால் பஸ்ஸில் வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடி வந்தால் இறங்கு, அட்டையை நீட்டு, நட, மறுபக்கத்தில் ஏறு. நீ யார் என்று அவர்கள் கேட்பார்கள். நீங்கள் யார் என்று நாங்கள் கேட்டதுண்டா? சீருடை போட்டு, மண்மூட்டை அடுக்கி, வீதிக்குக் குறுக்கே தடி போட்டிருந்தால் அது சாவடி. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

ஜிஎஸ்எம் என்ற 2ஜி அச்சொட்டாக அந்தச் சாவடிதான். உங்கள் சிம்முக்குள் 128 பிட் நீளமான ஒரு இரகசிய எண் இருக்கிறது. அதே எண் கம்பனியின் மையத்திலும் இருக்கிறது. அது ஒருநாளும் காற்றில் போகாது, அந்த மட்டும் நல்ல மூளை. கோபுரம் ஒரு எழுமாறான எண்ணை அனுப்பும். சிம் அதை இரகசியத்தோடு சேர்த்துப் பிசைந்து 32 பிட் விடை ஒன்றைத் திருப்பி அனுப்பும். மையமும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தினால் உள்ளே விடும். இரகசியத்தைச் சொல்லாமலே இரகசியம் தெரியும் என்று காட்டுகிற வித்தை. நான் முதன்முதல் படித்தபோது சைக்கிளை நிற்பாட்டிவிட்டு யோசித்தேன்.

ஆனால் கோபுரம் தன் பங்குக்கு எதையும் நிரூபிப்பதில்லை. யாராவது ஒரு பெட்டியை வான் வண்டியில் ஏற்றி, சிக்னலைக் கூட்டி வைத்தால் சுற்றியுள்ள போன்களெல்லாம் அதைக் கோபுரம் என்று நம்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். "இங்கே குறியாக்கம் இல்லை" என்று பெட்டி சொன்னால் போன் "சரி ஐயா" என்றுவிடும். 3ஜியில்தான் இதைத் திருத்தினார்கள். கோபுரத்திலிருந்து வருகிற கேள்வியோடு ஒரு முத்திரையும் வரும். இரகசியம் தெரிந்த மையத்தால் மட்டும்தான் அந்த முத்திரையைப் போட முடியும், உள்ளே வரிசை எண்ணும் இருப்பதால் பழையதைப் பிடித்துவைத்து மறுபடி காட்டவும் இயலாது. 5ஜியில் இன்னும் ஒரு படி. சிம்மின் அடையாள எண்ணையே பூட்டித்தான் காற்றில் விட ஏற்பாடு இருக்கிறது.

அப்படியென்றால் கவலை தீர்ந்ததா? இல்லை. உங்கள் 4ஜி போனுக்குள் அந்தப் பழைய 2ஜி இன்னும் உயிரோடு கிடக்கிறது. நல்ல சிக்னலைக் குழப்பிவிட்டால் போன் தானாகக் கீழே இறங்கிப் பழைய சாவடியில் அட்டையை நீட்டும். ஆன்ட்ராய்டு 12இலிருந்து சில போன்களில் 2ஜியை நிற்பாட்ட ஒரு விசை இருக்கிறது. என் போனில் தேடி நிற்பாட்டியிருக்கிறேன். ஆனால் கிராமப் பக்கம் போகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள், 2ஜி மட்டும் எட்டுகிற இடத்தில் போன் செத்துவிடும்.

8 · ரீலோட் கடை (கிண்ணியா)
செவ்வாய், இரவு 9.10

லைன்மன் ஐயா சொன்ன சாவடியை வாசித்துவிட்டு என் மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நான் கொமினிகேசன் கடைக்காரன். என் கடைக்கு வாற ஆக்களுக்கு 128 பிட் வேண்டாம், முதலில் அடையாள அட்டை பற்றிச் சொல்லுங்கள். வங்கி ஈமெயிலில் அனுப்புகிற கணக்குக் கூற்றின் பாஸ்வேர்ட் பல இடங்களில் அட்டை நம்பர். போனில் யாராவது "உறுதிப்படுத்த" என்று கேட்பதும் அதைத்தான். அந்த நம்பரில் என்ன இரகசியம் இருக்கிறது? பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூன்று அந்த வருசத்தில் எத்தனையாம் நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரி 1ஆம் தேதி பிறந்த ஆண் 032, பெண் 532. 2016இல் வந்த 12 இலக்கத்தில் வருசம் முழுசாக நாலு இலக்கமாக இருக்கிறது. ஆகவே பிறந்த நாள் தெரிந்தவனுக்கு நம்பரில் பாதிக்கு மேல் தெரியும். நம்பர் தெரிந்தவனுக்குப் பிறந்த நாள் தெரியும். பாங்க் கார்ட் பின்னும் பாதிப் பேருக்குப் பிறந்த வருசம்தான், எனக்குத் தெரியும், என்னிடமே சொல்லி அடிக்கச் சொல்லுகிறார்கள்.

இன்னொன்று. பிரதேச செயலகத்துக்கு, கச்சேரிக்கு, வங்கிக்கு என்று அட்டையைக் கொண்டுவந்து ஐந்து பிரதி அடிப்பார்கள், நாலை எடுத்துக்கொண்டு ஒன்றை மேசையில் விட்டுவிட்டுப் போவார்கள். முந்தி அதையெல்லாம் கட்டி வைத்திருந்து கடலைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன். ஒருநாள் பாலத்தடியில் கடலை வாங்கினேன். சுருளை விரித்தால் எங்கள் தெரு ஆசிரியரின் முகம் சிரிக்கிறது. அன்றிலிருந்து கிழித்து எரிக்கிறேன்.

9 · நெறியாளர்
செவ்வாய், இரவு 9.32

அட்டை நம்பர் எப்படிக் கட்டப்படுகிறது என்று விளக்க ஒருவர் தன் சொந்த நம்பரையே முழுசாக இங்கே எழுதியிருந்தார். நீக்கிவிட்டேன். தயவுசெய்து வேண்டாம்.

10 · வெயில் ஏறிய நேரம்
புதன், காலை 11.02

எதற்கு இவ்வளவு கதை? விபிஎன் போடுங்கோ. முடிஞ்சுது.

11 · டச்சுபேயிலிருந்து டோர்ட்முண்ட்
புதன், பின்னேரம் 2.40

2018 மார்ச்சில் பேஸ்புக், வைபர், வாட்ஸ்அப்பையெல்லாம் நாட்டில் முடக்கினபோது எங்கள் ஊரே ஒரே இரவில் விபிஎன் படித்தது. 2019 ஏப்ரலிலும் அப்படித்தான். அன்றிலிருந்து எந்த வருத்தத்துக்கும் விபிஎன் என்ற ஒரே குளிசை. விபிஎன் செய்வது இதுதான்: உங்கள் போனிலிருந்து விபிஎன் கம்பனி மட்டும் ஒரு குழாய். உப்புவெளிக் கெஸ்ட்ஹவுஸ்காரர் உள்ளே பார்க்க முடியாது, சரி. ஆனால் அவர் பார்த்திருக்கக்கூடியதையெல்லாம் இப்போது குழாயின் மறுமுனையில் இருக்கிறவர் பார்ப்பார். காசு வாங்காமல் குழாய் போடுகிறவர் எதை வைத்துப் பிழைக்கிறார்? அம்மாவின் கதையில் விபிஎன் இருந்தாலும் அம்மா அதே ஆறு இலக்கத்தை அப்படியேதான் வாசித்திருப்பார்.

லைன்மன் ஐயாவுக்கு ஒரு சேர்ப்பு. கோபுரம் ஒரு பக்கம் இருக்கட்டும், கோபுரங்களுக்குப் பின்னால் கம்பனிகள் தங்களுக்குள் கதைக்கிற எஸ்எஸ்7 என்ற ஒழுங்கு எழுபதுகளில் பிறந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பனிகள்தான் அப்போது உலகத்தில். எல்லோரும் சொந்தக்காரர் என்ற நினைப்பில் செய்தது, அதனால் "இந்த நம்பர்காரர் இப்போது என் நாட்டில் நிற்கிறார், அவருடைய எஸ்எம்எஸ்ஸை எனக்கு அனுப்பு" என்று எந்தக் கம்பனி சொன்னாலும் மற்றது நம்பும். 2017இல் இங்கே ஜெர்மனியில் அதை வைத்துத்தான் வங்கிக் கணக்குகளைத் துடைத்தார்கள். முதலில் ஆட்களின் வங்கிப் பாஸ்வேர்டைக் களவெடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு இரவில் எஸ்எம்எஸ்ஸைத் திருப்பிவிட்டு ஒருமுறைக் கடவுஎண்ணைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். விடிய எழும்பினவருக்குப் போனில் எதுவும் வந்த தடயமே இல்லை.

அதனால் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டு செயலிக்குள் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிற எண்ணுக்குப் போங்கள். அது காற்றில் வருவதில்லை, போனே கணக்குப் போட்டுச் சொல்லும்.

12 · கோணேசபுரி மாணவி
புதன், இரவு 8.25

வளாகத்தில் போன மாதம்தான் இதைப் படித்தோம், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. டோர்ட்முண்ட் அண்ணா சொன்ன 30 விநாடி எண்ணையும் அம்மா வாசித்துக் காட்டலாம் தானே? அங்கேயும் அதே ஓட்டைதான். அது எப்படிப்பட்ட ஓட்டை என்று ஒரு பழைய கதையால் சொல்கிறேன்.

1978இல் ரொஜர் நீதம், மைக்கல் ஷ்ரோடர் என்ற இருவர், முன்பின் காணாத இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள ஒரு முறை எழுதினார்கள். நான் அதை மூதூர்க் கணக்கில் சொல்கிறேன். ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு பெட்டி இருக்கிறது. யாரும் சீட்டுப் போடலாம், சொந்தக்காரரிடம் மட்டும்தான் திறப்பு.

மீன்பிடிப் படகுகள் வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவர் மீன் தரகரோடு வியாபாரம் கதைக்க நினைக்கிறார். தன் பெயரையும் மனதில் வந்த ஒரு எண்ணையும், 41 என்று வைப்போம், எழுதித் தரகரின் பெட்டியில் போடுகிறார். தரகர் கள்ளன். அதே விசயத்தை எழுதி ஐஸ் முதலாளியின் பெட்டியில் போட்டுவிடுகிறார். முதலாளி வாசித்துவிட்டு, எழுதினது சம்மாட்டிதான் என்று எடுத்துக்கொண்டு, 41ஐயும் தன்னுடைய எண் 77ஐயும் சேர்த்து எழுதிச் சம்மாட்டியின் பெட்டியில் போடுகிறார். இதைத் தரகரால் திறக்க முடியாது, திறக்கத் தேவையும் இல்லை. சம்மாட்டி திறக்கிறார். 41 திரும்பி வந்திருக்கிறது, ஆகவே பதில் தரகருடையது என்று நினைக்கிறார். 77ஐ எழுதித் தரகரின் பெட்டியில் போடுகிறார். தரகர் அதைக் கொண்டுபோய் முதலாளியின் பெட்டியில் போடுகிறார். முதலாளியைப் பொறுத்தவரை எதிரே நிற்பது சம்மாட்டியேதான். இனி சம்மாட்டியின் கடன் கணக்கில் ஐஸ் கட்டி தரகரின் லொறியில் ஏறும்.

ஒரு பூட்டும் உடையவில்லை, ஒரு பெட்டியும் களவு போகவில்லை. 17 வருசம் ஒருவருக்கும் இது பிடிபடவில்லை. 1995இல் கவின் லோ என்பவர்தான் கண்டுபிடித்தார். அவர் சொன்ன மருந்து ஒரே ஒரு சொல்: 77ஐ எழுதுகிற சீட்டில் முதலாளி தன் பெயரையும் எழுதட்டும். அப்போது சம்மாட்டி, "நான் தரகரோடல்லவா கதைத்தேன், இதில் முதலாளியின் பெயர் ஏன் வருகிறது?" என்று நிற்பாட்டுவார்.

இப்போது அம்மாவைப் பாருங்கள். வாட்ஸ்அப் அனுப்பிய எண்ணை, வங்கி என்று சொன்னவரின் பெட்டியில் போட்டிருக்கிறார். சம்மாட்டி 77ஐப் போட்ட அதே இடம்தான்.

13 · உப்புவெளிக்காரன்
புதன், இரவு 9.50

தங்கச்சி, இதை வாசித்துவிட்டு உடனே அம்மாவின் போனை எடுத்து அந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடினேன். பெயர் இருக்கிறது. வாட்ஸ்அப் என்று முதல் வரியிலேயே இருக்கிறது, இதை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும், அன்றைக்குக் கண்ணாடியும் போடவில்லை. திரையில் தெரிந்த ஆறு எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார். ஓரத்தில் பச்சையாக ஏதோ இருந்தது, வங்கியின் அடையாளம் என்று நினைத்தேன் என்கிறார்.

14 · கடைசி வாங்கு (மட்டிக்கழி)
புதன், இரவு 10.05

சரி, ஒத்துக்கொள்கிறேன். சுவரில் எழுதினதை அழிக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். பிரவுசரில் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லை என்று மகனின் ரியூசன் மாஸ்டர் சொன்னார். அது சரியா?

15 · கோணேசபுரி மாணவி
புதன், இரவு 10.30

அரைவாசி சரி, அண்ணா. அந்தப் பூட்டு டிஎல்எஸ் என்ற ஒழுங்கு. இப்போது ஓடுகிற 1.3 பதிப்பு 2018 ஓகஸ்ட்டில் வந்தது. நடுவில் ஒருவரும் வாசிக்கவில்லை, நீங்கள் தட்டிய முகவரிக்குரிய சேர்வர்தான் எதிரே இருக்கிறது, இந்த இரண்டையும் அது உறுதி சொல்லும். அந்த முகவரி நல்லவருடையதா என்று சொல்லாது. அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை இப்போது இலவசமாகவே எடுக்கலாம், கள்ளனும் எடுக்கலாம். வங்கியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் பக்கம் திறந்தாலும் பூட்டு வரும். ஆட்கள் பூட்டைப் பார்த்து நம்புகிறார்கள் என்பதால்தான் குரோம் 2023 செப்டெம்பரில் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பாஸ்கீ என்று இப்போது வருகிறதே, அதில் கவின் லோவின் மருந்தே உள்ளே இருக்கிறது. எந்த முகவரிக்காக உருவாக்கினோமோ அந்த முகவரியில் மட்டும்தான் போன் கையெழுத்துப் போடும். ஒரு எழுத்து மாறினாலும் போடாது. பெயரைப் பார்க்கிற வேலையை அம்மாவிடம் விடாமல் போனே பார்க்கிறது. வாசித்துக் காட்ட எண்ணும் இல்லை.

16 · உப்புவெளிக்காரன்
சனி, பின்னேரம் 5.20

செய்ததையெல்லாம் எழுதுகிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்.

ரவுட்டருக்குள் போனேன். உள்ளே போகிற பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே அட்மின். முதலில் அதை மாற்றினேன். டபிள்யூபிஎஸ் நிற்பாட்டினேன். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் என்று வைத்தேன். டபிள்யூபிஏ3 இந்தப் பெட்டியில் இல்லை. வேகம் உண்மையிலேயே கூடிவிட்டது, இரண்டாம் நம்பர் அறைக்காரர் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். விருந்தாளிகளுக்குத் தனி வலையமைப்பு திறந்து, ஒரு போன் மற்றப் போனைப் பார்க்க முடியாதபடி பிரித்தேன். முந்தி எங்கள் கணக்குப் பார்க்கிற கணினியும் கமராவும் விருந்தாளிகளும் எல்லாம் ஒரே பாயில் படுத்திருந்திருக்கிறோம்.

இடையில் ஒரு கூத்து. ஏஇஎஸ்ஸுக்கு மாற்றினதும் அலுவலகப் பிரின்டர் செத்துவிட்டது. அது டிகேஐபி மட்டும் தெரிந்த கிழடு. அதுக்காகப் பழையதையும் சேர்த்துத் திறந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு லைன்மன் ஐயாவின் 2ஜி நினைவு வந்தது. வயர் வாங்கிக் கொழுவிவிட்டேன்.

வாட்ஸ்அப்: கள்ளன் பின் வைத்திருக்கிறான். 7 நாள் கணக்கு ஓடுகிறது. பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். கணினிக் குற்றச் சட்டம் 2007ஆம் ஆண்டிலேயே இருக்கிறது என்று டோர்ட்முண்ட் அண்ணா தனியாக எழுதியிருந்தார், அதைச் சொன்ன பிறகுதான் எழுதினார்கள்.

17 · ரவுட்டர் வைத்தியர் (பாலையூற்று)
சனி, இரவு 7.45

நல்ல வேலை. ஒரு குறை மட்டும். டபிள்யூபிஏ2இல் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால், அது தெரிந்தவன் மற்றவர் இணைகிற நேரத்துப் பரிமாற்றத்தைப் பிடித்துவைத்து அவருடைய போக்குவரத்தைத் திறக்கலாம். ரவுட்டரில் போட்ட பிரிவு இதைத் தடுக்காது, காற்றைப் பிரிக்க முடியாதே. வங்கி, வாட்ஸ்அப் எல்லாம் அதற்கு மேல் தங்கள் சொந்தப் பூட்டைப் போட்டிருப்பதால் தப்புகிறோம். அடுத்த ரவுட்டர் வாங்குகிறபோது டபிள்யூபிஏ3 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதில் பாஸ்வேர்ட் தெரிந்தாலும் இப்படித் திறக்க இயலாது. மென்பொருள் புதுப்பிப்பும் பாருங்கள். டபிள்யூபிஏ2இல் போனும் ரவுட்டரும் இணைகிற நேரத்துக் கைகுலுக்கலில் 2017இல் ஒரு பெரிய ஓட்டை பிடித்தார்கள். மூன்றாவது செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் போன் பாவித்த திறப்பையே மறுபடி புதிதுபோலப் போட்டுக்கொள்ளும். ஒட்டுப் போட்டுத் திருத்திவிட்டார்கள், ஆனால் புதுப்பிக்காத சாமானுக்கு ஒட்டு எங்கேயிருந்து வரும்?

18 · உப்புவெளிக்காரன்
வியாழன், பகல் 1.15

அம்மாவின் வாட்ஸ்அப் திரும்பி வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

நேற்று இன்னொன்று நடந்தது. உண்மையான வங்கியிலிருந்து, அம்மாவின் நிலையான வைப்பு முதிர்கிறது என்று எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வழக்கம்போல "உறுதிப்படுத்த அடையாள அட்டை நம்பரைச் சொல்லுங்கோ அம்மா" என்றதும் அம்மா, "நான் ஆரெண்டு நீங்க கேக்கிறீங்க, சரி. நீங்க ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாராம். பிள்ளைக்குப் பதில் இல்லை. அப்படியொரு கேள்விக்குப் பதில் அவர்களுடைய தாளில் எழுதியிருக்காது என்று நினைக்கிறேன். அம்மா போனை வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து நேரே கிளைக்கே போய்விட்டார். அதே பிள்ளைதான் கவுன்டரில் இருந்ததாம்.

19 · பழைய லைன்மன் (உவர்மலை)
வியாழன், பகல் 1.50

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்புக்குப் பின் வைத்தாயிற்றா?

20 · உப்புவெளிக்காரன்
வியாழன், பகல் 2.05

வைத்தாயிற்று ஐயா. ஒரு கொப்பியில் எழுதி வைப்போம் என்று கேட்டேன். "ஆர் கேட்டாலும் சொல்லக்கூடாதெண்டு நீதானே சொன்னனீ" என்று தர மறுத்துவிட்டார். இன்று காலை வாட்ஸ்அப்பே நினைவூட்டலுக்காக அதைக் கேட்டிருக்கிறது. அம்மாவுக்கும் மறந்துவிட்டது.

21 · ரவுட்டர் வைத்தியர் (பாலையூற்று)
வியாழன், பகல் 2.20

மீட்பதற்கு ஒரு ஈமெயில் கேட்டிருக்குமே, கொடுத்தீர்களா?

22 · உப்புவெளிக்காரன்
வியாழன், பகல் 2.22

இல்லை.

23 · ரவுட்டர் வைத்தியர் (பாலையூற்று)
வியாழன், பகல் 2.31

வாட்ஸ்அப் இன்னும் திறந்துதானே இருக்கிறது? அப்படியே அமைப்புகளுக்குள் போய்ப் புது பின் வையுங்கள், பழையதைக் கேட்காது. கையோடு ஈமெயிலையும் போடுங்கள். அந்த ஈமெயிலின் பாஸ்வேர்ட் என்ன என்று மட்டும் இங்கே எழுத வேண்டாம்.